பாஸ்காக் கிழமையில் எருசலேமில் என்ன செய்யலாம்?

இப்போது எருசலேமுக்குப் போகிறவர்களுக்கு இந்தக் கேள்விக்கு விடை சொல்ல எத்தனையோ வழிகாட்டிகள் இருக்கின்றன. எந்த அருங்காட்சியகம் திறந்திருக்கும், எந்தக் கடையில் பாண் கிடைக்காது, எந்தப் பாதை மூடியிருக்கும் எண்டு எல்லாம் சொல்லுவார்கள். நாங்கள் அதே கேள்வியை இரண்டாயிரம் வருடம் பின்னுக்குக் கொண்டுபோய்க் கேட்டுப் பார்த்தோம். ஆலயம் நின்ற காலத்தில், அதாவது கி.பி. முதலாம் நூற்றாண்டில், பாஸ்காவுக்காக எருசலேமுக்கு வந்த ஒரு குடும்பம் அந்தக் கிழமை முழுக்க என்ன செய்தது? எங்கே படுத்தது, எதைச் சாப்பிட்டது, காசை எதில் செலவழித்தது, யாருக்குப் பயந்தது?

சொல் எங்களுக்குப் புதிதில்லை. கத்தோலிக்கர் பாஸ்கா என்பார்கள், மற்றச் சபைகளில் பஸ்கா. எபிரேயத்தில் பெசாஹ் என்பது அரமேயம், கிரேக்கம் வழியாக உருமாறித் தமிழ்வரைக்கும் வந்திருக்கிறது. ஆனால் கோயிலில் கேட்டுப் பழகிய காதுக்கு அந்தச் சொல்லோடு உயிர்ப்பு ஞாயிறுதான் முதலில் நினைவுக்கு வரும். இங்கே நாங்கள் பேசுவது அதற்கும் மூத்த யூதப் பண்டிகையைப் பற்றி. எகிப்தில் பார்வோனுக்கு அடிமைகளாய்க் கிடந்த சனம் ஓர் இரவில் வெளியேறிய கதை அது. ஆட்டுக்குட்டியை அடித்து இரத்தத்தைக் கதவுநிலையில் பூசினார்கள். மா புளிக்கும்வரை காத்திருக்க நேரமில்லாமல் புளிப்பில்லாத அப்பத்தோடு நடந்தார்கள். அந்த இரவை நிசான் மாதத்துப் பௌர்ணமியில், மார்ச் அல்லது ஏப்ரலில், நினைவுகூருவார்கள். தொடர்ந்து ஏழு நாளும் புளித்த பாண் வீட்டில் இருக்கக்கூடாது.

இந்தக் கிழமையைப் பற்றி எங்களுக்குச் சொல்ல முக்கியமாக இரண்டு குரல்கள் இருக்கின்றன. ஒருவர் யோசேபஸ். எருசலேமின் குருக்கள் குடும்பமொன்றில் கி.பி. 37 அளவில் பிறந்தவர். ரோமருக்கு எதிராகப் படை நடத்தி, பிறகு அவர்களிடமே சரணடைந்து, ரோம் நகரில் பேரரசரின் ஆதரவில் இருந்துகொண்டு தன் சனத்தின் வரலாற்றை எழுதியவர். மற்றது மிஷ்னா, யூத அறிஞர்களின் சட்டத் தொகுப்பு. அது தொகுக்கப்பட்டது கி.பி. 200 அளவில். ஆலயம் எரிந்து நூற்றுமுப்பது வருடம் கடந்த பிறகு. ஆகவே அதில் நினைவும் இருக்கிறது, 'இப்படித்தான் இருந்திருக்கவேணும்' என்ற ஆசையும் இருக்கிறது. இரண்டையும் பிரித்தெடுப்பது லேசான வேலை இல்லை. ஆனால் இடையிடையே அது சொல்லுகிற சின்னச் சின்ன விபரங்களை ஒருவர் உட்கார்ந்து கற்பனை செய்திருப்பார் எண்டு நம்புவது அதைவிடக் கஷ்டம்.

வருகிறவர்கள் பண்டிகை நாளுக்கே வந்து இறங்குவதில்லை. சாவுத் தீட்டுப் பட்டவர் சுத்தமாக ஏழு நாள் எடுக்கும் என்பதால் ஒரு கிழமை முன்னரே வரத்தொடங்குவார்கள். யோவான் நற்செய்தியிலும் சனங்கள் தங்களைத் தூய்மைப்படுத்துவதற்காகப் பாஸ்காவுக்கு முன்பே எருசலேமுக்குப் போன செய்தி வருகிறது. ஆகவே செய்யவேண்டிய முதல் வேலை முழுக்கு. எருசலேமில் அகழ்ந்த இடமெல்லாம் படிகள் வைத்து வெட்டிய முழுக்குத் தொட்டிகள் கிடைத்திருக்கின்றன. நகரின் தெற்கில் இருந்த சீலோவாம் குளத்தின் அகன்ற படிக்கட்டுகள் 2004இல் கழிவுநீர்க் குழாய் வேலையின்போது தற்செயலாக வெளிப்பட்டன.

அடுத்தது படுக்க இடம். எருசலேமில் வீட்டை வாடகைக்கு விடக்கூடாது, ஏனென்றால் அந்த நகரம் எல்லாக் கோத்திரத்துக்கும் பொது, என்று ஒரு பழைய மரபு சொல்கிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அதே மரபு அடுத்ததாகச் சொல்லுவதைப் பாருங்கோ: வாடகை வாங்க முடியாத வீட்டுக்காரர் விருந்தாளிகள் பலியிட்ட ஆடுகளின் தோலை எடுத்துக்கொள்வார்களாம், தராவிட்டால் பிடுங்கியும் எடுப்பார்களாம். தோலுக்கு நல்ல விலை. கொள்கை ஒரு பக்கம், வீட்டுக்காரர் ஒரு பக்கம். அந்த நெரிசலிலும் 'எனக்குத் தங்க இடம் போதவில்லை' என்று ஒருவரும் குறை சொன்னதில்லை என்பதை மிஷ்னா ஆலயகாலத்து அற்புதங்களில் ஒன்றாகவே எண்ணி வைத்திருக்கிறது. அதை அற்புதம் என்று எழுதவேண்டி வந்ததிலிருந்தே நிலைமை விளங்கும்.

தூர தேசத்திலிருந்து வந்த ஏழைகளுக்கு வேறு வழியும் இருந்தது. 1913–14இல் எருசலேமில் கிடைத்த ஒரு கல்வெட்டு, தியோடொத்தஸ் என்ற குருவும் அவருடைய தகப்பனாரும் பேரனாரும் தலைமை தாங்கிய ஒரு செபக்கூடத்தைப் பற்றிப் பேசுகிறது. வேதம் வாசிக்கவும் கட்டளைகளைப் படிப்பிக்கவும் ஒரு கூடம், கூடவே வெளியூரிலிருந்து வந்து தேவையில் நிற்பவர்களுக்குத் தங்கும் அறைகளும் தண்ணீர் வசதியும். கல்வெட்டு எழுதப்பட்டது கிரேக்கத்தில். எருசலேமுக்குத் தொழ வந்த யூதர் பலருக்கு எபிரேயத்தைவிடக் கிரேக்கம் கைவந்ததாக இருந்திருக்கிறது.

காசுக்கு வருவோம். விளைச்சலில் ஒரு பங்கை எருசலேமிலேயே செலவழிக்கவேண்டும் என்று சட்டம் இருந்தது. தானியத்தைச் சுமந்துவர முடியாத தூரமென்றால் விற்றுக் காசாக்கிக் கொண்டுவந்து, நகரில் விரும்பியதை வாங்கிச் சாப்பிடலாம், குடிக்கலாம். கடவுள் பேரால் ஊர்சுற்றிச் செலவழிக்கச் சொன்ன சட்டம். உண்மையில் நகரத்தின் பொருளாதாரம் இதில்தான் ஓடியது. ஆலய வரியாக அரைச் சேக்கல் வெள்ளி கட்டவும் வேணும். அதற்குத் தீரு நகரத்து நாணயம்தான் செல்லும், அதன் வெள்ளி சுத்தம் என்பதால். அந்த நாணயத்தின் ஒரு பக்கத்தில் தீருவின் தெய்வமான மெல்கார்த்தின் தலை, மறுபக்கம் கழுகு. உருவ வழிபாட்டை இவ்வளவு கடுமையாக மறுத்த ஆலயம் அந்நியத் தெய்வத்தின் தலை பொறித்த காசை எண்ணி வாங்கியது. காசு மாற்றுகிறவர்களின் மேசைகள் அங்கே ஏன் போடப்பட்டிருந்தன என்பதற்கும் இதுதான் காரணம்.

நிசான் 14, பிற்பகல். இதுதான் கிழமையின் உச்சம். ஒவ்வொரு ஆட்டுக்கும் ஒரு கூட்டு இருக்கும். யோசேபஸ் சொல்வதன்படி பத்துப்பேருக்குக் குறையாமல், சில வேளை இருபதுவரை. முன்கூட்டியே பெயர் சேர்ந்தவர்தான் அந்த ஆட்டில் பங்கு சாப்பிடலாம். ஆட்டுக்குட்டியைக் கொண்டு ஆலய முற்றத்துக்குப் போவார்கள். மூன்று தொகுதிகளாக உள்ளே விடுவதாக மிஷ்னா சொல்கிறது. முதல் தொகுதி நிறைந்ததும் கதவு மூடப்படும், கொம்பு ஊதப்படும். ஆட்டை அறுப்பது குரு அல்ல, கொண்டுவந்த ஆளேதான். குருக்கள் வரிசையாய் நிற்பார்கள். ஒரு வரிசை முழுக்க வெள்ளிக் கிண்ணம், மற்ற வரிசை முழுக்கப் பொன் கிண்ணம். இரத்தம் ஏந்திய கிண்ணம் கைமாறிக் கைமாறிப் பலிபீடத்துக்குப் போகும், வெறும் கிண்ணம் திரும்பி வரும். கிண்ணங்களுக்குத் தட்டையான அடி கிடையாது. எங்கேயாவது கீழே வைத்துவிட்டால் இரத்தம் உறைந்துபோகும் என்பதற்காக. நாங்கள் மேலே சொன்ன, கற்பனை என்று நம்பக் கஷ்டமான விபரம் என்றால் இதுதான்.

சுவரிலும் தூணிலும் இரும்புக் கொளுக்கிகள். அதில் ஆட்டைத் தொங்கவிட்டு உரிக்கவேண்டும். கொளுக்கி கிடைக்காவிட்டால், மெல்லிய வழுவழுப்பான தடி இருக்கும். பக்கத்தில் நிற்பவரின் தோளில் ஒரு முனை, தன் தோளில் மறுமுனை, நடுவில் ஆடு. லேவியர் சங்கீதம் பாடிக்கொண்டே இருப்பார்கள். முடிந்தால் திரும்பத் தொடங்குவார்கள். மூன்றாவது தொகுதிக்கு ஆட்கள் குறைவு என்பதால் பாட்டு பாதிக்கு வரமுதலே வேலை முடிந்துவிடுமாம். கடைசியில் முற்றத்தைத் தண்ணீர் விட்டுக் கழுவுவார்கள். ஓய்வுநாளாக இருந்தால் அப்படிக் கழுவுவதை அறிஞர்கள் விரும்பவில்லை, ஆனாலும் குருக்கள் கழுவினார்கள் என்று மிஷ்னாவே ஒத்துக்கொள்கிறது.

எத்தனை ஆடுகள்? யோசேபஸ் ஒரு தொகை தருகிறார்: 2,55,600. பிற்பகல் மூன்று மணியிலிருந்து ஐந்து மணிவரை அறுத்தவை. நாங்கள் வகுத்துப் பார்த்தோம், ஒரு வினாடிக்கு 35 ஆடு வருகிறது. எந்த முற்றத்திலும் நடக்காது. பத்தால் பெருக்கி நகரில் இருபத்தைந்து இலட்சத்துக்கு மேல் சனம் இருந்ததாக அவர் முடிக்கிறார். அதையும் இன்று வரலாற்றாசிரியர்கள் ஏற்பதில்லை. சில பத்தாயிரம் பேர் வாழ்ந்த நகரம் அந்தக் கிழமையில் பலமடங்கு வீங்கியது என்ற அளவில் ஏற்றுக்கொள்ளலாம்.

ஆனால் தொகையைவிட, அது ஏன் எண்ணப்பட்டது என்பதுதான் எங்களுக்கு முக்கியமாகப் பட்டது. சிரியாவின் ரோம ஆளுநர் செஸ்தியுஸ், இந்தச் சனத்தை அற்பமாக நினைத்த பேரரசன் நீரோவுக்கு நகரத்தின் பலத்தைக் காட்ட நினைத்தாராம். தலையை எண்ணுவது இயலாத காரியம். ஆகவே குருக்களிடம் ஆட்டை எண்ணித் தரச் சொன்னார். சனம் தன் கடவுளுக்கு அறுத்த பலி, ஆளுகிறவனின் கணக்கேட்டில் ஆட்பலமாகப் பதியப்பட்டது. அரசுகள் திருவிழாக் கூட்டத்தை எப்படிப் பார்க்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எங்களுக்குக் கிடைக்கவில்லை.

இரவு. ஆட்டை மாதுளங்கொம்பில் கோர்த்து முழுதாகச் சுடவேண்டும். அவிக்கக்கூடாது, ஓர் எலும்பும் முறியக்கூடாது, நகர எல்லைக்குள்ளேயே சாப்பிடவேண்டும். வீடுகளிலும் முற்றங்களிலும் கூட்டம் கூட்டமாக உட்கார்ந்து, புளிப்பில்லா அப்பத்தோடும் கசப்புக் கீரையோடும் சாப்பிட்டார்கள். அந்த இரவில் நகரம் முழுக்கச் சுட்ட இறைச்சி மணம்தான் நிறைந்திருக்கும். நடுச்சாமத்துக்குப் பிறகு குருக்கள் ஆலயக் கதவைத் திறந்துவிடுவது வழக்கம் என்று யோசேபஸ் எழுதுகிறார். சாப்பிட்டு முடித்தவர்கள் நிலா வெளிச்சத்தில் திரும்ப ஆலயத்துக்கு நடந்திருப்பார்கள்.

எவ்வளவு ஏழையாக இருந்தாலும் அன்றிரவு சாய்ந்திருந்துதான் சாப்பிடவேண்டும், சுதந்திரமான மனிதரைப்போல, என்கிறது மிஷ்னா. பிச்சைத் தட்டிலிருந்து எடுத்தாவது நான்கு கிண்ணம் திராட்சரசம் கொடுக்கவேண்டும். இந்த விதிகள் ஆலயம் அழிந்த பிறகே முழு வடிவம் பெற்றன என்பது பல ஆய்வாளர்களின் கருத்து. அதையும் சேர்த்துப் பார்த்தால் இன்னும் சுவாரசியம். சாய்ந்திருந்து விருந்துண்பது கிரேக்க, ரோமப் பணக்காரரின் பழக்கம். விடுதலையைக் காட்ட எடுத்துக்கொண்ட உடல்மொழியே ஆண்டவர்களுடையது.

மறுநாளிலிருந்து கிழமை கொஞ்சம் தளரும். 16ஆம் நாள் வாற்கோதுமையின் முதற்கட்டு ஆலயத்தில் படைக்கப்படும். அதுவரை புதுத் தானியத்தைத் தொடக்கூடாது. ஆனால் படைத்து முடித்து வெளியே வந்தால் சந்தை முழுக்கப் புது மாவும் வறுத்த கதிரும் நிறைந்திருக்குமாம். யாவாரிகள் முன்னரே ஆயத்தம். இது சரியா பிழையா எண்டு அறிஞர்களிடையே வாக்குவாதம்கூட நடந்திருக்கிறது.

இவ்வளவும் நடக்கும்போது மேலே நின்று பார்த்துக்கொண்டிருந்தவர்களைப் பற்றி இன்னும் சொல்லவில்லை.

ஆலயத்தின் வடமேற்கு மூலையில் அந்தோனியா கோட்டை. அங்கே எந்நாளும் ரோம ஆமி. பண்டிகைக் காலத்தில் அவர்கள் ஆலயத்தைச் சூழ்ந்த மண்டபங்களின் கூரையில் ஆயுதத்தோடு வரிசையாய் நிறுத்தப்படுவார்கள், கூட்டம் குழம்பாமல் பார்ப்பதற்கு. வழமையாகக் கடற்கரைச் செசரியாவில் இருக்கும் ஆளுநரும் பண்டிகைக்கு எருசலேமுக்கு ஏறி வருவார். பிலாத்து அந்தப் பாஸ்காவுக்கு நகரில் இருந்ததன் காரணம் இதுதான். தலைமைக் குருவின் திருவுடைகூட ரோமரின் கையில்தான் இருந்தது. கோட்டைக்குள் ஒரு கல்லறையில் முத்திரை வைத்துப் பூட்டியிருக்கும். பண்டிகைக்கு ஏழு நாள் முன்னர் தருவார்கள், முடிந்த மறுநாளே திருப்பி வைக்கவேண்டும். கி.பி. 36 அளவில் சிரியாவின் ஆளுநர் விட்டெலியுஸ் ஒரு பாஸ்காவுக்கு வந்து நல்ல வரவேற்புப் பெற்றபோதுதான், உடையை வைத்திருக்கும் உரிமையைக் குருக்களிடம் விட்டுக்கொடுத்தார். கூடவே விளைபொருள் விற்பனை வரியையும் நீக்கினார்.

இந்தக் கிழமையில் கலவரம் வரும் என்ற பயம் வீண் பயமில்லை. கி.மு. 4இல் ஏரோது செத்த பிறகு வந்த பாஸ்காவில், அவன் கொன்ற இருவருக்காக ஆலயத்தில் அழுது நியாயம் கேட்ட கூட்டத்தின்மேல் மகன் அர்கெலாவு குதிரைப்படையை ஏவினான். 3,000 பேர் செத்தார்கள். பிறகு பறையறிவித்து எல்லாரையும் ஊருக்குப் போகச் சொன்னான். பலியைப் பாதியில் விட்டுச் சனம் கலைந்தது. கூமானுஸ் ஆளுநராக இருந்தபோது (48–52) இன்னொன்று. பண்டிகையின் நான்காம் நாள் கூரையில் நின்ற ஒரு சிப்பாய் தன் ஆடையைத் தூக்கிக் கூட்டத்துக்கு அசிங்கம் காட்டினான். கீழே இருந்த பொடியள் கல் எறிந்தார்கள். ஆளுநர் மேலதிகப் படையை இறக்கினார். பயந்தோடிய சனம் ஒடுங்கிய வாசல்களில் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து நசுங்கியது. யோசேபஸ் ஒரு நூலில் 20,000 பேர் என்கிறார், மற்ற நூலில் இன்னும் கூட்டிச் சொல்கிறார். தொகையை விடுவோம். கல் எறிந்தது சிலர், செத்தது பிள்ளைகுட்டியோடு கும்பிட வந்தவர்கள். அந்தச் சிப்பாய்க்கு என்ன நடந்தது என்று யோசேபஸ் எழுதவில்லை.

ஏன் குறிப்பாக இந்தக் கிழமை? கூட்டம் ஒரு காரணம், கதை மற்றக் காரணம். ஓர் அரசனிடமிருந்து தப்பிய கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லியே ஆகவேண்டும் என்பது பண்டிகையின் விதி. கூரையில் ஈட்டியோடு நிற்கிறவனைப் பார்த்துக்கொண்டு பார்வோனைப் பற்றிச் சொல்லும்போது, பெயரை மாற்றிச் சொல்லத் தேவையில்லை. ரோமருக்கு எபிரேயம் விளங்காவிட்டாலும் இது விளங்கியிருக்கும்.

66இல் பெருங்கிளர்ச்சி வெடித்தது. 70ஆம் ஆண்டு டைட்டஸ் தன் படைகளோடு நகரை நெருங்கியது சரியாகப் பாஸ்கா நேரம். பண்டிகைக்கு உள்ளே வந்த சனம் உள்ளேயே அடைபட்டது. உள்ளே கிளர்ச்சியாளர்களோ ஒருவரோடொருவர் சண்டை. பண்டிகைக்காக ஆலயத்தின் உள்முற்றக் கதவை ஓர் அணி திறந்துவிட, எதிரணியினர் உடைக்குள் ஆயுதம் மறைத்துக் கும்பிட வந்தவர்களைப்போல் நுழைந்து உள்ளே பிடித்துக்கொண்டார்கள். இடையில் அகப்பட்டு மிதிபட்டவர்கள் உண்மையாகவே கும்பிட வந்தவர்கள். பிறகு பட்டினி. ஆவணி வரமுன் ஆலயம் எரிந்து முடிந்தது. அத்தோடு ஆட்டை அறுக்க ஓர் இடம் இல்லாமல் போனது.

பண்டிகை வீட்டு மேசைக்கு வந்தது அதன் பிறகுதான். இன்று உலகெங்கும் யூத வீடுகளில் அந்த இரவில் தட்டில் ஒரு சுட்ட எலும்பை வைப்பார்கள், ஆட்டின் நினைவாக. அதைச் சாப்பிடுவதில்லை. சாப்பாடு முடிய, அடுத்த வருடம் எருசலேமில் கொண்டாடக் கிடைக்கவேண்டும் என்று ஆசைப்படுவார்கள். எருசலேமில் இருப்பவர்களும் அதையே சொல்வார்கள், திரும்பக் கட்டப்பட்ட எருசலேம் என்று ஒரு சொல்லைச் சேர்த்து.

கிழமை மட்டும் எருசலேமை விட்டுப் போகவில்லை. இடையில் எத்தனையோ ஆட்சிகள் மாறின. உஸ்மானியர் காலத்தில் பலஸ்தீன முஸ்லிம்கள் எரிகோவுக்குப் போகும் வழியில் உள்ள நபி மூசாவின் தலத்துக்கு, ஒவ்வொரு வருடமும் எருசலேமிலிருந்து கொடி பிடித்து ஊர்வலம் போவார்கள். நாள் பார்ப்பது கிழக்குத் திருச்சபையின் உயிர்ப்புப் பெருவிழாக் கணக்கில். மூசா என்பது மோசேதான், பாஸ்காக் கதையின் அதே மோசே. 1920 ஏப்ரல் 4இல் யூதரின் பாஸ்காவும், மேற்குத் திருச்சபையின் உயிர்ப்பு ஞாயிறும், நபி மூசாத் திருவிழாவும் ஒரே நகரத்தில் ஒன்றாக வந்தன. கூரையில் இம்முறை பிரித்தானியர். அவர்கள் யூதருக்குத் தேசிய இல்லம் தருவதாக 1917இல் அறிவித்திருந்தார்கள். ஊர்வலம் அரசியல் கூட்டமாக மாறி, பழைய நகரின் யூதப் பகுதி தாக்கப்பட்டது. நான்கு நாள் கலவரத்தில் ஐந்து யூதரும் நான்கு அரபிகளும் இறந்தார்கள்.

இப்போது அந்தக் கிழமையின் இடைநாட்களில் மேற்குச் சுவரின் முன் பல்லாயிரம் பேர் கூடுவார்கள். குருவழி வந்தவர்கள் துணியால் தலையை மூடிக் கை நீட்டி ஆசீர் கொடுப்பார்கள். அவர்கள் நிற்கும் அந்தப் பெரிய வெளி 1967 ஜூன்வரை வெளியாக இருக்கவில்லை. மொரோக்கர் குடியிருப்பு என்ற, நூற்றுக்கணக்கான வருடம் பழைய முஸ்லிம் குறிச்சி. போர் முடிந்த கையோடு இஸ்ரேலியப் புல்டோசர்கள் அதை இடித்துத் தள்ளின. குடியிருந்தவர்களுக்கு வெளியேறக் கிடைத்தது சொற்ப நேரம்தான்.

அரசின் கையிருப்பிலுள்ள புளித்த மா எல்லாம் அந்தக் கிழமைக்கு முன் சட்டப்படி யூதரல்லாத ஒருவருக்கு விற்கப்படும். பல வருடங்களாக அதை வாங்கியவர் எருசலேமுக்குப் பக்கத்து அரபுக் கிராமத்து முஸ்லிம் ஒருவர். கிழமை முடிய முற்பணம் அவருக்குத் திரும்பிவிடும், மா அரசுக்குத் திரும்பிவிடும். 1986இல் வந்த ஒரு சட்டம் யூதப் பகுதிக் கடைகளில் புளித்த பாணை வெளியே அடுக்கி விற்பதைத் தடுக்கிறது. தமஸ்கு வாசல் பக்கம் போனால் எள்ளுத் தூவிய நீள வளையமான கஅக் பாண் வழமைபோலத் தள்ளுவண்டியில் இருக்கும். வாங்குகிறவர்களில் மேற்குக் கரைப் பலஸ்தீனர்களைத்தான் அந்த நாட்களில் காணமுடியாது. பாஸ்கா முன்னிட்டுச் சோதனைச் சாவடிகள் அவர்களுக்கு மூடப்பட்டிருக்கும்.